கயிறு கட்டாமல் வரும் வேன்

மே 3, ஞாயிறு

மாவு மில்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகச் சேவு மடிக்கக்கூட உதவாமல் சும்மா கிடந்தது. இன்று இதற்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. போன் வீடியோவில் வண்டி வேலை சொல்லித்தருகிற மலையாளத் தம்பி, எதை முதலில் கழற்றினோம், எதை அடுத்துக் கழற்றினோம் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறான். மாட்டும்போது கடைசியிலிருந்து படித்துக்கொண்டே வரலாமாம். எனக்கு மலையாளம் பாதிதான் புரியும். மீதியை அவன் கையைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே எழுதுகிறேன். சாத்தூரில் காராச்சேவு போட்டு விற்கும் தவசிலிங்கமாகிய நான், என் வேனின் கிளட்சை நானே மாற்றப்போகிறேன்.

காரணம் பணம் இல்லை, மானம். என் மனைவி காளீஸ்வரியின் அண்ணன் குருவையா கோவில்பட்டியில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். எந்த வண்டியும் அவர் கை பட்டால் பேசும் என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். மாசி மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேன் மேட்டில் ஏறத் திணறுகிறது, கிளட்ச் பிளேட்டை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். மனிதர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, ஊரே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மாப்ளைக்குச் சேவு பிழிய வரும். வண்டி வேலை வராது. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, கடைசியில கயிறு கட்டி நம்ம பட்டறைக்குத்தான் இழுத்துட்டு வருவாரு."

பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "இனிமே என் வேன் உங்க பட்டறை வாசலுக்கு வந்தா, நானே வேலை பாத்து, நானே ஓட்டிட்டு வந்ததாத்தான் இருக்கும். அதுவரைக்கும் நானும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பாயசம் என்ன பாயசம் என்று அப்புறம் விசாரித்தேன். பால் பாயசமாம்.

இப்போது சங்கடம் என்னவென்றால், இந்த மாதம் 24ஆம் தேதி எங்கள் மகள் மகிழினிக்குக் குலசாமி கோவிலில் காது குத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். அந்தத் தாய்மாமனை நானும் காளீஸ்வரியும் தாம்பூலத்தட்டோடு நேரில் போய் அழைக்கவேண்டும். போனில் கூப்பிட்டால் எந்த மாமனும் வரமாட்டான்.

"பஸ்ல போயி ஒரு எட்டுச் சொல்லிட்டு வந்துருவோம்ங்க" என்றாள் காளீஸ்வரி.

"வேன்லதான் போறோம்" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே பேசின.

மே 5, செவ்வாய்

கியர் பாக்ஸை இறக்கியாயிற்று. ஜாக்கி ஒன்றுதான் இருக்கிறது. அதனால் கடலை மாவு மூட்டைகளை அடுக்கி, மேலே கோணியைப் போட்டு, அதன் மேல் பக்குவமாக இறக்கினேன். சுகமாக உட்கார்ந்துகொண்டது. காளீஸ்வரி வந்து பார்த்துவிட்டு, "அந்த மூட்டையில சேவு போட்டீங்கன்னா நான் கடைக்கு வரமாட்டேன்" என்றாள். கியர் ஆயில் கோணியைத் தாண்டவில்லை. இருந்தாலும் மேல் மூட்டையை மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

பழைய பிளேட் அப்பளமாகத் தேய்ந்திருக்கிறது. இதோடு இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

மே 8, வெள்ளி

முடித்துவிட்டேன். இந்த வரியை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது. புது பிளேட், புது பிரஷர் பிளேட், பெடலுக்கு மேலே ஒரு புது சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கம் கீழே ஒரு புது சிலிண்டர். நடுவில் குழாய். பெடலை மிதித்தால் மேல் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் கீழ் சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்சைப் பிரிக்கும். கம்பி கிடையாது, கயிறு கிடையாது, எல்லாம் எண்ணெய்தான். எண்ணெய் நமக்குப் புதுசா என்ன.

எந்த வேலை முடிந்தாலும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வழக்கம். கடையில் தராசு, கரண்டி, சேவுக் கட்டை, எண்ணெய் டின் என்று பொட்டு இல்லாத பொருள் கிடையாது. வேனுக்கும் வைத்தேன். ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. மேல் சிலிண்டருக்கு எண்ணெய் இறங்குகிற குப்பி மேலே கறுப்பாகப் புது மூடி ஒன்று இருக்கிறது. அதன் நடுவில், பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரிச் சின்னதாக ஒரு குழி. கெட்டிச் சந்தனம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே குங்குமம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 9, சனி

ரயில்வே கேட் வரைக்கும் ராஜா மாதிரிப் போனேன். அங்கே நின்று நின்று நகர்ந்ததில், மிதித்த பெடல் மேலே வரவில்லை. கீழேயே படுத்துக்கொண்டது. கியர் போட்டால் கறகறவென்று பல்லைக் கடிக்கிறது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போதே ஒருவர், "அண்ணாச்சி, சேவு மொறுமொறுன்னு இருக்கும், வண்டியும் அப்படித்தான் சத்தம் போடுது" என்றார். அவருக்கு அடுத்த தடவை நிறுவை சரியாகத்தான் இருக்கும், கொசுறு கிடையாது.

மே 10, ஞாயிறு

குழாய்க்குள் காற்று நின்றால் பெடல் இப்படித்தான் செய்யும் என்கிறான் மலையாளத் தம்பி. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்து, கீழ் சிலிண்டரில் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட. நான் கீழே. காளீஸ்வரி மேலே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு. விடும்மா. விடுன்னா விடணும்."

"நீங்க பிடின்னு சொல்லி இன்னும் முடியல, அதுக்குள்ள விடுன்னா எப்படி? ஒரு நிலையில நில்லுங்க."

பகல் முழுவதும் இதுதான். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார்கள். மகிழினி தின்பண்டத்தை மறந்துவிட்டு, தலையணை மேல் ஏறி நின்று "அமுக்கு, பிடி, விடு" என்று விளையாடுகிறாள். தூங்கும்போதும் அதையே சொன்னாள் என்கிறாள் அவள் அம்மா.

குமிழி வருவது நின்றது. பெடல் கல் மாதிரி நின்றது. மூடியைத் திருகி, பழைய பொட்டைத் துடைத்துப் புதுப் பொட்டு வைத்தேன்.

மே 11, திங்கள்

கடைவீதி தாண்டவில்லை. அதே படுக்கை. தள்ளினார்கள்.

மே 13, புதன்

இன்று ஓர் ஆச்சரியம். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே காளீஸ்வரி, "கீழ் சிலிண்டர்ல அந்த நிப்பிள் மேல பாத்து இருக்கா, கீழ பாத்து இருக்கா?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். கீழே பார்த்துத்தான் இருந்தது. சிலிண்டரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். காற்று மேலே அல்லவா நிற்கும், கீழே திறந்தால் எப்படி வரும். கழற்றித் திருப்பி மாட்டினேன். மறுபடி அமுக்கு, பிடி, விடு.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒரு யோசனைதான்" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இவள் கெட்டிக்காரி என்று என் மாமியார் பெண் பார்க்கும்போதே சொன்னார். நான்தான் நம்பவில்லை.

மே 15, வெள்ளி

வைகாசி பிறந்துவிட்டது. நல்ல நாள் என்று மறுபடி எடுத்தேன்.

இந்த வேன் என்னைக் கேலி செய்கிறது. வீட்டு வாசலில் குப்பியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு எவ்வளவு மிதித்தாலும் பெடல் துள்ளித் துள்ளி மேலே வருகிறது. சரி என்று மூடி, பொட்டு வைத்து, ஆற்றுப் பாலத்துக்குப் போனால் அங்கே படுத்துவிடுகிறது. பானட்டைத் திறந்து, எண்ணெய் குறைந்துவிட்டதா என்று மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம், நெடுநேரம் மூச்சைப் பிடித்தவன் விடுகிற மாதிரி. எண்ணெய் அளவு சரியாகவே இருந்தது. ஏறி மிதித்தால் பெடல் நன்றாக வருகிறது. வாத்தியார் வந்ததும் கையைக் கட்டிக்கொள்கிற பையன்தான். நான் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்கு, போன பிறகு அட்டகாசம்.

வேன் இல்லாததால் கடைகளுக்குச் சரக்கு ஆட்டோவில்தான் போகிறது. ஆட்டோக்காரர் வழியெல்லாம் சேவைத் தின்றுகொண்டே போகிறார் என்று கேள்வி.

மே 17, ஞாயிறு

காளீஸ்வரியின் யோசனைகள் இப்போது தினம் ஒன்றாக வருகின்றன. பெடலுக்கும் மேல் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள தண்டில் நூலளவு ஆட்டம் இருக்கிறதா என்றாள். இருந்தது. வாஷர் அப்படியே இருக்கிறதா என்றாள். இருந்தது. பிளேட்டைத் திருப்பி மாட்டவில்லையே என்றாள். அதில் 'இந்தப் பக்கம்' என்று எழுத்தே இருக்கிறது, அவ்வளவு மோசமா நான் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், கேக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு, கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் எதையும் கவனிக்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் வேனில் என்ன கோளாறு என்றாலும் அடுப்படிப் பக்கம் போய்ச் சத்தமாக, விவரமாகப் புலம்புவது. மத்தியானம் அவள் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது போனையும் கொண்டுபோகிறாள். துணி கொஞ்சம்தான், ஆனால் காய வைக்க நேரம் பிடிக்கிறது.

மே 18, திங்கள்

அடுப்படி வாசலில் நின்று புலம்பினேன்: "மூடியைத் திறந்தா சரியாகுது, மூடினா கொஞ்ச தூரத்துல கோளாறு. என்ன எழவுன்னே தெரியல."

"ம்" என்றாள். மாடிக்குப் போனாள்.

மே 20, புதன்

பதில் வர இரண்டு நாள் ஆகிவிட்டது. நானும் எதிர்பார்த்துக்கொண்டு... இல்லை, நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"ஏங்க, அந்தக் குப்பி மூடியில காத்துப் போறதுக்கு ஊசியளவுக்கு ஓட்டை இருக்குமாம். அது அடச்சிருக்கான்னு பாத்தீங்களா?"

போய்ப் பார்த்தேன். நன்றாகக் குனிந்து, டார்ச் அடித்தே பார்த்தேன்.

"ஓட்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. புது மூடி. நடுவுல குழி இருக்கு, அதுல பொட்டு வச்சிருக்கேன். வேற ஒண்ணும் கிடையாது."

"ஓட்டை இல்லியாம்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினாள். யாரிடம் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மே 21, வியாழன்

காது குத்துக்கு இடையில் இன்னும் வெள்ளி, சனி இரண்டு நாள்தான். இன்று மத்தியானம் காளீஸ்வரி சோற்றைப் போட்டுவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்தாள். வழக்கமாக உட்காரமாட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. எங்க அண்ணன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். நீங்க ஒங்க மானத்தைப் பாத்துக்கோங்க. நான் தேதியைத் தள்ளி வச்சிருதேன். சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா இல்லாத வீட்டில் இவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன். இவள் காது குத்தும்போது உட்கார மடி இல்லாமல், ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை எங்கிருந்தோ கூட்டிவந்தார்களாம். அதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை சொல்லவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னேன்: "நாளைக்குக் காலையில பஸ்ல போறோம். தட்டுக்கு வெத்தலை, பழம் எல்லாம் வாங்கி வை."

"வேன்?"

"வேன் கிடக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகிழினியைத் தூக்கிக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டாள். பிள்ளை முகம் சுத்தமாகத்தான் இருந்தது.

சரி. பட்டறை வாசலில் அவர் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வது. பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை என்று ஆயுசுக்கும் சொல்வார். சொல்லட்டும்.

மே 22, வெள்ளி

கொஞ்சம் விவரமாக எழுதவேண்டிய நாள்.

பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு ஒரு ஈடு சேவாவது போட்டுவிடலாம் என்று விடியும்போதே கடையைத் திறந்தேன். காளீஸ்வரி மாவு பிசைந்தாள். புது எண்ணெய் டின். கடை வைத்த நாளிலிருந்து செய்கிற வேலைதான்: ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு மூலையில் பெரிய ஓட்டை, எதிர் மூலையில் சின்ன ஓட்டை. அப்புறம் வெள்ளிக்கிழமைக்குப் பொட்டு. மனசெல்லாம் கோவில்பட்டியில் இருந்தது. சந்தனத்தை அள்ளி, பார்க்காமலே ஓர் அப்பு அப்பிவிட்டு, டின்னைச் சாய்த்தேன்.

எண்ணெய் 'களுக்' என்று ஒரு வாய் கக்கியது. நின்றது. இன்னொரு 'களுக்'. நின்றது.

"என்னங்க செய்றீங்க? காத்துப் போற ஓட்டையை அடச்சிட்டா எண்ணெய் எப்படி வரும்?" என்றாள் காளீஸ்வரி, மாவிலிருந்து கையை எடுக்காமலேயே.

பார்த்தேன். சின்ன ஓட்டையின் மேல் சந்தனம். அதன் மேல் குங்குமம். லட்சணமாக.

டின்னைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று நினைவில்லை. வேனுக்கு ஓடி, பானட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, "ஊக்கு கொடு, ஊக்கு கொடு" என்று கத்தினேன். அவள் மாவுக் கையோடு ஓடிவந்து சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குழியில் இருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். சிமெண்டாக இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்ட, நடுவில் ஊசிமுனை இறங்கியது. இறங்கி, மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

குழி என்று நினைத்தேன். ஓட்டைதான் அது. எண்ணெய் கீழே போகும்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வைத்திருந்த வழி. ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் சரியாக முடித்துவிட்டு, கடைசியில் பக்தியோடு அந்த வழியை நானே அடைத்திருக்கிறேன். தினமும் டின்னில் இரண்டு ஓட்டை போடுகிறவன் நான். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது. திட்ட ஆள் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. காளீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாவெல்லாம் கதவில்.

ரயில்வே கேட், கடைவீதி, பாலம், எல்லா இடத்திலும் ஒரு சுற்று ஓட்டினேன். பெடல் பந்து மாதிரி வந்தது. கடையைப் பூட்டினோம். குளித்தோம். பஸ்ஸா, வேனா என்று அவள் கேட்கவே இல்லை. தாம்பூலத்தட்டோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மகிழினி நடுவில்.

நாலுவழிச் சாலையில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன் என்று காளீஸ்வரி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

பட்டறை பூட்டியிருந்தது.

வாசலில் வேனை நிறுத்தி, ஹாரன் அடித்து, தோளைத் தட்டிக்கொண்டு இறங்குவதாகத்தான் வழியெல்லாம் நினைத்திருந்தேன். பூட்டுக்கு முன்னால் தோளைத் தட்டி என்ன பிரயோசனம். பக்கத்து டீக்கடைக்காரர், "குருவையா அண்ணனா? கிளம்பி முக்கா மணி நேரமாச்சே. சாத்தூர்ல ஏதோ வேன் நிக்குதாம்" என்றார்.

கம்பிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பலகையில் கிளட்ச் பெடல் ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார். மேலே ஒரு சிலிண்டர், கீழே ஒரு சிலிண்டர், நடுவில் குழாய். எங்கள் வேனில் உள்ளதைப் போலவே. தங்கச்சி போனில் சொல்லச் சொல்ல, இங்கே மாட்டி மாட்டிப் பார்த்திருக்கிறார். குப்பியின் மூடி தனியாகக் கழற்றிப் பக்கத்தில் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதினால் என்ன, என் டைரிதானே.

காளீஸ்வரி போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், பட்டறையிலதான்."

"பட்டறை பூட்டியிருக்கு. நாங்க வாசல்லதான் நிக்கோம்."

அந்தப் பக்கம் இருமுவது கேட்டது. பிறகு, "நான் இங்க ஒங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். ஆளையும் காணோம், வேனையும் காணோம். யாரு இழுத்துட்டுப் போனா?"

"யாரும் இழுக்கல."

நான் போனை வாங்கினேன். மாசிக்குப் பிறகு முதல் பேச்சு. என்ன சொல்வது என்று எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன்.

"மச்சான், வேன் ஓடுது" என்றேன். அதுதான் வந்தது.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"ம். அங்கயே இருங்க மாப்ள. எங்கயும் போயிராதீங்க."

"நாங்க திரும்பி வாரோம்."

"வேண்டாம். நடுவுல மறுபடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு போயிருவோம். அதோட, நான் இங்க மெக்கானிக்காத்தான் வந்தேன். மாமனாக் கூப்பிடுறதுன்னா என் வாசல்ல வச்சுத்தான் கூப்பிடணும்."

டீ குடித்தோம். மகிழினி பன் தின்றாள். அவர் ஜீப் வந்து நின்றது. பின்னால் கருவிப் பெட்டி, அதன் மேல் வளையமாகச் சுற்றிய புதுக் கயிறு.

இறங்கியவர் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. நேரே வேனில் ஏறிப் பெடலை மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். பானட்டைத் திறந்து குனிந்தார். எழுத்துப் பரீட்சை திருத்துகிற மாதிரி ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மாட்டுனது சுத்தமாத்தான் இருக்கு" என்றார். "பின்ன என்ன கோளாறு?"

இங்கேதான் நான் பொய் சொல்லியிருக்கலாம். ரப்பர் போய்விட்டது, காற்று இருந்தது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. மூடி, குழி, சந்தனம், குங்குமம், டின் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முந்தாநேத்துத்தான கேட்டேன், ஓட்டை அடச்சிருக்கான்னு? இல்லன்னு சொன்னீங்களே!"

"நீங்க எங்க கேட்டீங்க? காளீஸ்வரியில்ல கேட்டா?" என்றேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். காளீஸ்வரி ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தாள். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இருமி, டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் சிரித்தார். பந்தியில் சிரித்தபோது எரிந்த மாதிரி இப்போது எரியவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

கதவைத் திறந்தார். பட்டறை நடுவில் ஒரு சாக்கை விரித்து, அதில் நின்று தட்டை நீட்டினோம். "மச்சான், ஞாயித்துக்கிழமை பிள்ளைக்குக் காது குத்து. நீங்க முன்ன நின்னு மடி கொடுக்கணும்." எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சின்னச் சிவப்பு டப்பா ஒன்றை எடுத்து, மகிழினியிடம் காட்டினார். தோடு.

"மெக்கானிக்காத்தான் வந்தேன்னு சொன்னியேண்ணே" என்றாள் காளீஸ்வரி. "மெக்கானிக் பையில தோடு எதுக்கு?"

"அது தை மாசமே வாங்குனது" என்றார் அவர். "கெடந்துச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள்.

மே 24, ஞாயிறு

மலையடிவாரக் கோவில் மேட்டில், எல்லாரும் இறங்கிக்கொள்கிறோம் என்றார்கள். யாரும் இறங்கக்கூடாது என்றேன். நடு மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுத்தும் காட்டினேன். வேன் ஏறியது.

மகிழினிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி காதில் எந்த இடம் என்று பார்த்து, குங்குமத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தார். குருவையா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சும்மா இருப்பாரா.

"பாத்துக்கோங்க மாப்ள. பொட்டு வச்ச இடத்துல ஓட்டை போடணும். ஓட்டை இருக்குற இடத்துல பொட்டு வைக்கக்கூடாது."

சொந்தமெல்லாம் சிரித்தது. இந்தக் கதை அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை வீறிட்டாள். அவர் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அழுதுகொண்டே, நான் வேனுக்கு அடியிலிருந்து கத்துகிற அதே குரலில், "விடு மாமா, விடுன்னா விடணும்" என்றாள். ஆசாரிக்கே கை நின்றுவிட்டது. அந்த முரட்டு மனிதர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். வியர்வை என்றார்.

எங்கள் குலசாமி ஐயனார் சைவம். சாம்பார், கூட்டு, அப்பளம். பந்தியில் நான் உட்கார்ந்ததும், பரிமாறுகிறவன் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு குருவையாவே வந்தார். முதல் சோறு வைக்கும் முன்பே என் இலையில் பால் பாயசத்தை ஊற்றினார். ஊற்றிவிட்டு நகரவில்லை.

"இதைக் குடிச்சிட்டுத்தான் மாப்ள எந்திரிக்கணும்" என்றார்.

இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.